ஏடு காத்த தாமோதரனார்

கற்ற கல்வியும் ஏற்ற பணியும் உள்ளத்து விருப்பமும் ஒன்றாய் அமைவது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. சி.வை. தாமோதரனாருக்கும் அது வாய்க்கவில்லை. அவர் கணக்குத் துறையில் ஊதியம் பெற்றார். பின்னர் நீதிமன்றத்தில் வாதாடினார். தமிழுலகம் அவரை அறிந்திருப்பதோ பதிப்பாசிரியராக.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ஆம் ஆண்டு பிறந்தார். ஊரின் பெயரும் தந்தை வைரவநாதரின் பெயருமே அவர்தம் முன்னெழுத்துகள் ஆயின. சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழும் வட்டுக்கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, தினவர்த்தமானி என்னும் இதழின் ஆசிரியரானார். 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவரே. அவருள் தாமோதரனார் ஒருவர். மற்றவரும் வட்டுக்கோட்டை மாணவர் என்பது வியப்பிற்குரியது.

கள்ளிக்கோட்டையில் சிறிது காலம் ஆசிரியராய் இருந்தபின், அரசின் கணக்குத் துறையில் சேர்ந்தார். கல்லூரிகளில் தமிழாசிரியர் பெற்ற ஊதியம் மிகக் குறைவாயிருந்த காலம் அது. எனவே, இம்மாற்றத்தைத் தமிழைக் கைவிட்ட செயலாகக் கருதுதல் பொருந்தாது. அலுவலில் இருந்தவாறே 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். அதனைப் பரிசோதித்து உதவியவர் ஆறுமுக நாவலர். 1871-இல் சட்டத்தேர்விலும் தேறினார். 1881-இல் வீரசோழியம் அச்சேறியது.

1882-இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு அகவை ஐம்பது. கும்பகோணம் சென்று வழக்கறிஞரானார். அந்நகரக் கல்லூரியில் அப்போது உ.வே. சாமிநாதர் தமிழ் கற்பித்துவந்தார். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இருவருமே விரும்பினர். 1887-இல் அதனை வெளியிட்டவர் சாமிநாதர். அதே ஆண்டில் தாமோதரனார் கலித்தொகையை வெளியிட்டார். எட்டுத்தொகையுள் முதலில் அச்சு வடிவம் பெற்ற நூல் அதுவே.

எனினும், அவரது துணிவை நன்கு காட்டுவது 1885-இல் வந்த தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பேயாகும். கிடைத்த சுவடிகள் செல்லரித்தும் எழுத்து மழுங்கியும் இருந்தன. கட்டினை அவிழ்த்தால் ஓலை ஒடியும். புரட்டினால் ஓரம் உதிரும். ஒரு சுவடியில் இல்லாத பகுதியை மற்றொன்றில் தேடவேண்டியிருந்தது. ஐயங்கள் யாவும் தீரும்வரை காத்திருந்தால் நூலே அழிந்துவிடும். உடனே அச்சிட்டால் பிழைகளுக்குப் பழி ஏற்கவேண்டும். அவர் பழியை ஏற்கத் துணிந்தார். புலவர்தம் கண்டனங்களும் எழாமலில்லை. ஆயினும் பதிப்புப் பணி நிற்கவில்லை.

1887-இல் புதுக்கோட்டை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். அப்பதவியில் இருந்தபோதே இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889-இல் வெளிவந்தன. பிறந்த மண்ணையும் அவர் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஏழாலையில் பாடசாலை ஒன்றை நிறுவினார்.

1901-ஆம் ஆண்டின் முதல் நாளில் சென்னையில் மறைந்தார். பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரை எனக் கொண்டே அவர் பதிப்பித்திருந்தார். இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது எனப் பின்வந்த அறிஞர் நிறுவினர். அவ்வாராய்ச்சிக்கு அவர்கள் கையில் இருந்த அச்சுநூல் தாமோதரனார் பதிப்பித்ததே.