முப்பது ஆபரேஷன்களைத் தாங்கிய மேதை!

வியன்னா நகரம். 1923-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஆஸ்பத்திரியின் சிறிய அறை ஒன்றில் ஒரு முதியவர் படுத்திருந்தார். வாயில் ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து ரத்தம் பெருகியது. மணியை அழுத்தினார், அது ஒலிக்கவில்லை. கூப்பிடவும் முடியவில்லை. அதே அறையில் இருந்த இன்னொரு நோயாளி ஓடிப்போய் ஆள் அழைத்து வந்தார். முதியவர் உயிர் பிழைத்தார்.

அவர்தான் சிக்மண்ட் பிராய்டு! கனவுகளையும், மனத்தின் அடியில் ஒளிந்து கிடக்கும் ஆசைகளையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற டாக்டர்.

மறைத்தது ஏன்?

அவருக்கு வந்தது புற்றுநோய். ஓயாமல் சுருட்டு குடிப்பவர் அவர். உண்மையைச் சொன்னால் மனம் உடைந்து விடுவார் என்று பயந்து, அவருடைய டாக்டர் அதை மறைத்துவிட்டார். பின்னர் அது தெரிந்ததும் பிராய்டுக்குக் கடுங்கோபம் வந்தது.

பொய் அண்ணம்

அக்டோபரில் பெரிய ஆபரேஷன் நடந்தது. வலது மேல்தாடையின் பெரும்பகுதியும் அண்ணமும் அகற்றப்பட்டன. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பு இல்லாமல் போயிற்று. அதை அடைக்க, பல் செட் போன்ற பெரிய கருவி ஒன்றைப் பொருத்தினார்கள்.

அது இறுக்கமாக இருந்தால் புண். தளர்ந்தால் பேசவும் முடியாது, உண்ணவும் முடியாது. குரல் மூக்கால் வந்தது. வலது காதும் செவிடாயிற்று.

நோய் ஒருபுறம், சிகிச்சை தந்த தொல்லை மறுபுறம்!

பிராய்டு மூலையில் முடங்கவில்லை. நோயாளிகள் படுக்கும் சோபாவை இடம் மாற்றிப் போட்டார். இடது காதால் கேட்டு வைத்தியத்தைத் தொடர்ந்தார்.

மகள் செய்த உதவி

கருவியைக் கழற்றி மாட்ட உதவியவர் மகள் அன்னா. இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அழுகை கூடாது. இரக்கப் பேச்சும் கூடாது. செய்ய வேண்டியதை நிதானமாகச் செய்ய வேண்டும். கடைசி வரை மகள் அப்படியே நடந்துகொண்டார்.

1929-ல் மாக்ஸ் ஷுர் என்ற இளம் டாக்டர் வந்தார். எது நேர்ந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பிராய்டு அவரிடம் முதலிலேயே வாக்கு வாங்கிக்கொண்டார்.

16 ஆண்டுகளில் 30-க்கு மேற்பட்ட ஆபரேஷன்கள்! மூளை தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, வலி மருந்துகளைக் கூடியவரை தவிர்த்தார். புத்தகங்கள் எழுதினார். 1930-ல் ஜெர்மனியின் கதே பரிசு கிடைத்தது. அவருக்குப் பதிலாக அன்னா சென்று அவருடைய உரையைப் படித்தார்.

1938-ல் நாஜிகளின் கொடுமையால் வியன்னாவை விட்டு லண்டன் சென்றார். மறு ஆண்டு நோய் முற்றியது. கதிர் சிகிச்சையால் தலை சுற்றியது, தாடி உதிர்ந்தது. அப்போதும் சில மாதங்கள் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1939 செப்டம்பர் 23-ந் தேதி, 83-வது வயதில் காலமானார்.

சுருட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை. அதை யாரும் பின்பற்ற வேண்டாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கவும் வேண்டாம். இன்று அதைத் தணிக்க நல்ல மருந்துகள் உண்டு. சிகிச்சையில் எந்தத் தொல்லை வந்தாலும் டாக்டரிடம் உடனே சொல்லிவிடலாம். பிராய்டுக்குத் துணை நின்றவை இரண்டு: மறைக்காத டாக்டர், கலங்காத மகள். இந்த இரண்டும் எந்த வீட்டு நோயாளிக்கும் தேவை.