வீரத் தாய் பீ அம்மா

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதோடு ஒரு தாயின் கடமை தீர்ந்துவிடுகிறதா? அப்படித்தான் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், பேரப்பிள்ளைகளைக் கண்ட முதுமையில் பொதுப்பணிக்குப் புறப்பட்டு, நாடெங்கும் பயணம் செய்த ஓர் அன்னையாரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவர்தாம் ஆபாதி பானு பேகம். மௌலானா முகம்மது அலி, மௌலானா ஷௌகத் அலி ஆகியோரைப் பெற்றெடுத்த அப்பெருமாட்டியைப் பீ அம்மா என்றே நாடு அழைத்தது.

1850ஆம் ஆண்டளவில் வட இந்தியாவில் பிறந்த அவர், இராம்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த அப்துல் அலி கானை மணந்தார். ஏறத்தாழ முப்பது வயதில் கைம்மை வந்தது. மறுமணத்தை நாடாது, மக்களை வளர்ப்பதையே தம் வாழ்வாக்கிக் கொண்டார். ஆங்கிலக் கல்வி மார்க்கப் பற்றைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய குடும்பப் பெரியவர் அதற்குப் பணம் தர மறுத்தார். பள்ளிக்கூடம் சென்றறியாத அத்தாயோ தம் நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார். மார்க்கப் பற்றைத் தம் மடியிலேயே ஊட்டிவிட்டோம் என்ற உறுதி அவருக்கு இருந்தது.

1915இல் ஆங்கில அரசு அலி சகோதரர்களைக் காவலில் வைத்தது. அன்னையாரும் உடன் சென்று தங்கினார். நிபந்தனைக்குக் கையொப்பமிட்டால் விடுதலை என்ற பேச்சு எழுந்தது. மானத்தை விற்று மக்கள் விடுதலை பெறுவதை அத்தாயுள்ளம் ஏற்கவில்லை. அப்படி அவர்கள் பணிந்தால், தளர்ந்த தம் கைகளாலேயே அவர்களின் கழுத்தை நெரித்துவிடுவதாக அவர் கூறினார் என்பர். பெற்ற வயிறு இப்படிச் சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதைத் தாய்மார்களே, எண்ணிப் பாருங்கள்!

1917இல் கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டுக்கு முகம்மது அலி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், காவலில் இருந்ததால் வர இயலவில்லை. மகனுக்காக அன்னையார் புர்காவுக்குள் இருந்தபடியே பேசினார். 1921இல் கராச்சி வழக்கில் மக்கள் இருவரும் ஈராண்டுச் சிறைத் தண்டனை பெற்றபோது அவர் மூலையில் அமர்ந்து அழவில்லை. மருமகளை உடன் அழைத்துக்கொண்டு ஊர்தோறும் சென்றார். கிலாபத் இயக்கத்துக்கு நிதி திரட்டினார். இந்து முஸ்லிம் ஒற்றுமையை வலியுறுத்தினார். அந்நியத் துணியை விடுத்துக் கதர் அணியுமாறு பெண்களை வேண்டினார். ஓமலூர், சேலம் வட்டாரங்களில் தறியோசை கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வேண்டுகோளின் அருமை நன்கு விளங்கும். ஒரு முழத் துணியில் எத்தனை ஏழைக் குடும்பங்களின் கஞ்சி அடங்கியிருக்கிறது என்பதை நாம் அறிவோம் அல்லவா?

எந்தக் கிலாபத்துக்காக அவர் உழைத்தாரோ, அதனை 1924 மார்ச்சில் துருக்கியே ஒழித்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் அன்னையாரும் மறைந்தார். இயக்கம் தோற்றிருக்கலாம், அவர் உழைப்பு வீணாகவில்லை. திரைக்குப் பின்னிருந்த பெண்களும் நாட்டுப்பணி ஆற்ற முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

சகோதரிகளே! வயதாகிவிட்டது, படிப்பில்லை, வசதியில்லை என்று நற்பணியிலிருந்து ஒதுங்க நினைக்கும்போதெல்லாம் பீ அம்மாவை நினைவுகூருங்கள். அல்லாஹ் அன்னாருக்கு மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக! ஆமீன்.