அலீன் கஸ்ட்

அலீன் இசபெல் கஸ்ட் (பெப்ரவரி 7, 1868 – சனவரி 29, 1937) அயர்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் ஆவார். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் கால்நடை மருத்துவராக முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் பெண் இவரே. 1900 ஆம் ஆண்டில் படிப்பை முடித்த இவருக்கு அதற்குரிய பட்டயம் 1922 ஆம் ஆண்டின் இறுதியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் குதிரைகளுக்கும் பிற கால்நடைகளுக்கும் மருத்துவம் பார்த்தார். முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் காயமுற்ற இராணுவக் குதிரைகளிடையே பணியாற்றினார். ஒரு தொழிலைச் செய்ய உரிமை இருந்தும் அத்தொழிலின் பெயரைச் சூட்டிக்கொள்ள உரிமை இல்லாதவராக இவர் கழித்த இந்த இருபத்திரண்டு ஆண்டுகளே இவரது வாழ்க்கையின் பெரும்பகுதி எனலாம்.

இளமைக் காலம்

அலீன் அயர்லாந்தின் திப்பெரரி நகருக்கு அருகில் உள்ள கோர்டாங்கன் மாளிகையில் பிறந்தார். தந்தை சர் லியோபோல்ட் கஸ்ட், பாரனெட் பட்டம் உடையவர். பெரிய பண்ணை நிலங்களை அவற்றின் உரிமையாளர் சார்பில் நிருவகித்து வந்தார். தாய் சார்லட் பிரிட்ஜ்மன். ஆறு பிள்ளைகளுள் அலீன் நான்காமவர். குதிரைகளும் நாய்களும் நிறைந்த அச்சூழலில் வளர்ந்த அவர், சிறு வயதிலேயே கால்நடை மருத்துவராக வேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டதாகக் கூறப்படுகிறது.

1878 ஆம் ஆண்டில் தந்தை இறந்தபின் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. தாய் விக்டோரியா அரசியின் அரண்மனையில் பணிப்பெண்மணி என்னும் மதிப்புமிக்க நிலையை வகித்தார். அண்ணன் சார்ல்ஸ் கஸ்ட் கடற்படை அதிகாரி. பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நெருங்கிய பணியாளராக விளங்கினார். இத்தகைய குடும்பத்துப் பெண் ஒருவர், தொழுவத்தில் நின்று குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்க்கும் தொழிலை நாடுவது அன்றைய உயர்குடி மக்களுக்கு ஏற்கமுடியாத செயலாக இருந்தது. வீட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. முதலில் இலண்டன் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்த அலீன், தம் விருப்பம் விலங்கு மருத்துவத்திலேயே இருப்பதை உணர்ந்து அதைக் கைவிட்டார்.

எடின்பரோவில் கல்வி

1894 ஆம் ஆண்டில் எடின்பரோவில் இருந்த புதிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் அலீன் சேர்ந்தார். வில்லியம் வில்லியம்ஸ் என்பவர் 1873 ஆம் ஆண்டில் நிறுவிய இக்கல்லூரியின் முதல்வராக அப்போதும் அவரே இருந்தார். ஒரு பெண்ணைத் தம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள அவர் தயங்கவில்லை. குடும்பத்தின் பெயர் வெளியே வராதிருக்க ஏ. ஐ. கஸ்டன்ஸ் என்னும் பெயரில் அலீன் பதிவு செய்துகொண்டார். அக்காலத்தில் டெர்பி பந்தயத்தில் மும்முறை வென்று புகழ்பெற்றிருந்த குதிரை ஓட்டி ஒருவரின் குடும்பப்பெயரும் கஸ்டன்ஸ் என்பதே. உடன் பயின்றோர் அனைவரும் ஆண்கள். விலங்கியலில் அலீன் தங்கப் பதக்கம் பெற்றார்.

தேர்வு மறுப்பும் வழக்கும்

பிரித்தானியாவில் கால்நடை மருத்துவருக்கான தேர்வுகளைத் தனித்தனிக் கல்லூரிகள் நடத்தவில்லை. 1844 ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்ற அரச கால்நடை மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பே அவற்றை நடத்தியது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இது பாடம் நடத்தும் இடம் அன்று; தேர்வு நடத்திப் பட்டயம் வழங்கி மருத்துவர் பதிவேட்டைப் பேணும் தொழில்முறைக் கழகமாகும். 1897 ஆம் ஆண்டில் அலீனைத் தேர்வு எழுத அனுமதிக்க இவ்வமைப்பின் ஆட்சிக்குழு மறுத்தது. அவரது படிப்பிலோ வருகையிலோ குறை எதுவும் சொல்லப்படவில்லை. அமைப்பின் சாசனமும் விதிகளும் பெண்களையும் உள்ளடக்குமா என்பதே எழுப்பப்பட்ட ஐயம்.

பெண்கள் மனித மருத்துவம் செய்யப் பதிவு பெறுவதற்கு 1876 ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்திருந்தது. ஆகவே எடின்பரோவில் ஒரு பெண் மனிதருக்கு மருந்து எழுதலாம், குதிரைக்கு எழுத முடியாது என்னும் வினோதமான நிலை இருந்தது.

அலீன் எடின்பரோ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பெண்களுக்குத் தேர்வெழுத உரிமை உண்டா என்னும் கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. எதிர்த்தரப்பு அமைப்பின் இருப்பிடம் இலண்டன் என்பதால், அதன்மீதான வழக்கை விசாரிக்க இசுக்காட்லாந்து நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லை எனத் தீர்ப்பளித்தது. இலண்டனில் மீண்டும் வழக்குத் தொடுக்க வழி இருந்தும் அலீன் அதைச் செய்யவில்லை. அரண்மனைத் தொடர்புடைய தம் குடும்பத்தைத் தலைநகரின் செய்தித்தாள்களுக்கு இரையாக்க அவர் விரும்பாததே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அவர் கல்லூரிக்குத் திரும்பி, 1900 ஆம் ஆண்டில் பாடத்திட்டம் முழுவதையும் முடித்தார். கையில் இருந்தது முதல்வர் வில்லியம்ஸ் எழுதிக் கொடுத்த நற்சான்று மட்டுமே.

ரொஸ்காமனில் மருத்துவப் பணி

1881 ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம் இங்கே விளக்கத்தக்கது. பதிவேட்டில் இடம்பெறாத ஒருவர் தம்மைக் கால்நடை மருத்துவர் என்று அழைத்துக்கொள்வதை அச்சட்டம் குற்றமாக்கியது. ஆனால் நோயுற்ற விலங்குக்கு மருத்துவம் பார்ப்பதை அது தடை செய்யவில்லை. இலாடம் அடிக்கும் கொல்லர்களும் பரம்பரை வைத்தியர்களும் தொழிலைத் தொடர இச்சட்டம் விட்ட இடைவெளி அது. (1948 ஆம் ஆண்டுச் சட்டமே இந்த இடைவெளியை அடைத்தது.) முழுமையான கல்லூரிப் படிப்புப் பெற்ற அலீன் கஸ்ட், சட்டத்தின் பார்வையில் அந்தக் கொல்லர்களின் வரிசையிலேயே நின்றார்.

அயர்லாந்தின் ரொஸ்காமன் கவுண்டியில், ஆத்லீக் என்னும் ஊருக்கு அருகே காசில்ஸ்ட்ரேஞ்சில் மருத்துவம் செய்துவந்த வில்லியம் பர்ன் என்னும் கால்நடை மருத்துவர், வில்லியம்ஸின் பரிந்துரையை ஏற்று அலீனைத் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். புல்வெளிகளும் சதுப்பு நிலங்களும் பரவிய இப்பகுதியில் உழவும் போக்குவரத்தும் குதிரைகளை நம்பியே நடந்தன. அலீன் பெண்களுக்குரிய பக்கச் சேணத்தில், இரு கால்களையும் ஒரே பக்கமாக இட்டு அமர்ந்து, அரபுக் குதிரையில் பண்ணைகளுக்குச் சென்றார். சில வேளைகளில் இரு சக்கரக் குதிரை வண்டியில் சென்றார். முதலில் வியப்புடன் நோக்கிய உழவர்கள் விரைவில் அவரை நம்பி அழைக்கத் தொடங்கினர். சம்பிரதாயங்களைவிட, விடிவதற்குள் குதிரை எழுந்து நிற்குமா என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

அன்றைய குதிரை மருத்துவம் உடல் வலிமையையும் பொறுமையையும் ஒருங்கே வேண்டிய தொழில். மருத்துவரை நள்ளிரவில் எழுப்பும் நோய்களுள் முதன்மையானது கோலிக் எனப்படும் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. நீண்ட குடலில் எங்கேனும் அடைப்போ முறுக்கோ ஏற்பட்டால் காற்றும் தீனியும் வெளியேற வழியின்றி அது தரையில் விழுந்து புரளும். கற்றாழைச் சாற்றின் பிசினால் செய்த பேதி உருண்டையை நாவின் பின்புறம் கையால் தள்ளி விழுங்கச் செய்வது அக்காலத்தின் வழக்கமான மருத்துவம். வலி தாங்காத குதிரைக்குக் குளோரல் ஐதரேட்டு கொடுப்பதும் உண்டு. குடல் முறுக்கிக்கொண்டால் மருந்தால் பயன் இல்லை. வயிற்றைத் திறந்து சரிசெய்யும் அறுவை அப்போது நடைமுறையில் இல்லாததால் விலங்கைச் சுட்டு வேதனையை முடிப்பதே எஞ்சிய வழி.

குட்டி ஈனும் பெண் குதிரையின் நிலையும் இவ்வாறே. பசுவின் பேறுகாலம் மணிக்கணக்கில் நீளக்கூடும். குதிரை அப்படியன்று, பனிக்குடம் உடைந்தபின் அரை மணி நேரத்திற்குள் குட்டி வெளிவர வேண்டும். குட்டியின் கழுத்தோ காலோ மடங்கிக் கிடந்தால், தோள்வரை கையை நுழைத்து அதைத் திருப்ப வேண்டும். பல கல் தொலைவிலிருந்து குதிரைமேல் வரும் மருத்துவர் பெரும்பாலும் தாய்க் குதிரையை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

இவற்றோடு இளங்குதிரைகளைக் கட்டி வீழ்த்திக் காயடித்தல், கூராக வளர்ந்த கடைவாய்ப் பற்களை அரத்தால் தேய்த்தல், குளம்பில் ஆணி ஏறிய இடத்தைச் சீவிச் சீழ் வடித்தல் போன்றவை அன்றாடப் பணிகளாக இருந்தன. முரண்டு பிடிக்கும் குதிரையின் மேலுதட்டைக் கயிற்றுக் கண்ணியில் இட்டு முறுக்கிப் பிடித்தபடியே பல சிகிச்சைகள் நடந்தன. ஆணி குத்திய காயத்தின் வழியே நரம்பிசிவு நோய் புகுந்தால் மீள்வது அரிது.

வாங்குவோருக்காகக் குதிரையைச் சோதித்துத் தருவதும் கால்நடை மருத்துவரின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. ஆத்லீக்கிற்குத் தெற்கே பாலினஸ்லோவில் நடைபெறும் குதிரைச் சந்தை ஐரோப்பாவின் பழமையான சந்தைகளுள் ஒன்றாகும். பிரித்தானிய இராணுவமும் அயர்லாந்துக் குதிரைகளைப் பெருமளவில் வாங்கியது. குதிரையின் மூச்சு, கண், நடை ஆகியவற்றில் குறை இல்லை என்னும் சான்றிதழுக்கு மதிப்பளித்தது, மருத்துவரின் பெயருக்குப் பின்னால் வரும் பட்ட எழுத்துகளே. அலீனிடம் அறிவு இருந்தது, அந்த எழுத்துகள் இல்லை.

ஆய்வாளர் பதவி

1905 ஆம் ஆண்டில் கோல்வே கவுண்டி மன்றம் விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழ் அலீனைக் கால்நடை ஆய்வாளராக நியமித்தது. அரச கால்நடை மருத்துவர் கல்லூரி உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. வேளாண்மைத் துறையும் நியமனத்தை ஏற்க மறுத்தது. கவுண்டி மன்றம் பணியவில்லை. மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தது. இறுதியில் ஒரு சமரசம் எட்டப்பட்டது: பணிகளை அலீனே செய்வார், பதவியின் பெயரில் மட்டும் கால்நடை மருத்துவர் என்னும் பொருள்படும் சொல் இடம்பெறாது. கால்நடைகளிடையே தொற்றுநோயைக் கண்டறியும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதைக் கண்டறியத் தகுதியுள்ளவர் என்னும் பெயரை மட்டும் மறுத்த இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

1910 ஆம் ஆண்டில் வில்லியம் பர்ன் இறந்தார். அவரது மருத்துவப் பணி முழுவதையும் அலீன் ஏற்றுக்கொண்டு தனியாக நடத்தத் தொடங்கினார்.

போரும் குதிரைகளும்

முதலாம் உலகப் போர் தொடங்கியபின், 1915 ஆம் ஆண்டில் அலீன் தம் சொந்த மோட்டார் வாகனத்துடன் பிரான்சுக்குச் சென்றார். பட்டயம் இல்லாத பெண்ணுக்கு இராணுவக் கால்நடை மருத்துவப் படையில் இடம் கிடையாது என்பதால், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் தன்னார்வலர் என்னும் பெயரிலேயே அவர் போர்முனைப் பகுதிக்குள் நுழைய முடிந்தது. இராணுவக் குதிரை மருத்துவமனைகள் அமைந்திருந்த அப்வில் நகருக்கு அருகில் தங்கி, அங்கு குதிரைகளுக்கான சிகிச்சையில் உதவியதாக அறியப்படுகிறது.

இம்மருத்துவமனைகள் சிலவற்றில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் வரை குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. போர் முடியும்வரை பிரான்சில் இருந்த பிரித்தானியக் கால்நடை மருத்துவமனைகளில் 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டவை குணமாகிப் பணிக்குத் திரும்பின. குண்டுக் காயங்களே குதிரைகளை அதிகம் வீழ்த்தியிருக்கும் என்று தோன்றலாம். உண்மையில் குளிர், சேறு, பட்டினி, அளவு கடந்த உழைப்பு ஆகியவற்றால் நலிந்தவையே மிகுதி. சொறி நோய் பெரும் தொல்லையாக இருந்தது. உண்ணிகளை ஒழிக்க மயிரை முழுவதும் கத்தரித்தால் குதிரை குளிரில் இறந்தது. கத்தரிக்காவிட்டால் சொறி பரவியது. கந்தகக் கலவை நிரப்பிய நீண்ட தொட்டிகளில் குதிரைகளை இறக்கி நீந்தவைத்துக் கரையேற்றுவது இதற்குக் கண்ட வழியாகும்.

மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடிய கிளாண்டர்ஸ் என்னும் நோயே அனைவரும் அஞ்சியது. மூக்கில் புண்ணும் சளியும் தோன்றும் இந்நோய் வெளித்தெரியாமல் நெடுநாள் உடலில் தங்கக்கூடியது. 1890களில் நடைமுறைக்கு வந்த மல்லீன் ஊசிச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்தது. சோதனையில் சிக்கிய குதிரைகள் கொல்லப்பட்டன. கிளாண்டர்ஸ் பிரித்தானியாவிலிருந்து 1928 ஆம் ஆண்டில் முற்றாக ஒழிக்கப்பட்டது.

1917 ஆம் ஆண்டளவில் அலீன் இராணுவத்தின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். 1918 ஆம் ஆண்டில் இராணுவப் பெண்கள் துணைப் படையில் அவர் பெயர் பதிவானது. போர் முடிந்ததும் அயர்லாந்துக்குத் திரும்பினார்.

அங்கீகாரம்

1919 ஆம் ஆண்டு டிசம்பரில் பாலினத் தகுதியின்மை நீக்கச் சட்டம் நிறைவேறியது. பெண் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு எந்தத் தொழிற்கழகத்திலும் இடம் மறுக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம். 1897 ஆம் ஆண்டில் நீதிமன்றம் தொடாது விட்ட கேள்விக்கு விடை இவ்வாறு நாடாளுமன்றத்திலிருந்து வந்தது. 1922 ஆம் ஆண்டில் அலீன் மீண்டும் விண்ணப்பித்தார். அவரது போர்க்காலப் பணியைக் கருதி எழுத்துத் தேர்வு தவிர்க்கப்பட்டு, வாய்மொழித் தேர்வு மட்டும் நடத்தப்பட்டது.

டிசம்பர் 21, 1922 அன்று அரச கால்நடை மருத்துவர் கல்லூரியின் தலைவர் என்றி கிரே அவருக்குப் பட்டயத்தை வழங்கினார். அப்போது அலீனுக்கு வயது 54. அடுத்த ஆண்டே லிவர்பூலில் பயின்ற ஈடித் நைட் என்னும் மாணவி, வழக்கமான தேர்வுகள் அனைத்தையும் எழுதிப் பட்டயம் பெற்றார்.

இறுதிக் காலம்

பட்டயம் பெற்றபின் அலீன் இரண்டு ஆண்டுகளே தொழில் செய்தார். அவருக்குப் பட்டயம் கிடைப்பதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் அயர்லாந்து சுதந்திர அரசு உருவாகியிருந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. உழவிலும் போக்குவரத்திலும் குதிரையின் இடத்தை மோட்டார் வாகனங்கள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. 1924 ஆம் ஆண்டில் தம் மருத்துவப் பணியை விற்றுவிட்டு, இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் உள்ள பிளெய்ட்ஃபர்ட் என்னும் சிற்றூரில் குடியேறினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1937 ஆம் ஆண்டு சனவரியில் நண்பர்களைக் காணச் சமேக்கா சென்றிருந்தபோது, 29 ஆம் நாள் இதயம் செயலிழந்து காலமானார். தம்மைத் தேர்வெழுத விடாத அதே அரச கால்நடை மருத்துவர் கல்லூரிக்கு, கால்நடை மருத்துவ ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்துவதற்காக 5,000 பவுண்டுகளைத் தம் உயிலில் எழுதி வைத்திருந்தார்.