பரமேச்சுர விண்ணகரச் சிற்பங்களும் டாக்டர் மீனாட்சி அம்மையாரும்

திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய திருக்கச்சிப் பரமேச்சுர விண்ணகரத்தில், ஸ்ரீ வைகுண்டப் பெருமாளை வலம் வரும் அன்பர்கள், திருச்சுற்றுச் சுவரில் இரு வரிசையாக அமைந்த சிற்பங்களைக் கண்டிருப்பர். 8-ஆம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எடுப்பித்த இக்கோயில் மணற்கல்லாலானது. மழையும் ஈரமும் எளிதில் அரிக்கும் கல். தேய்ந்த உருவங்களின்மேல் பின்வந்தோர் சுதை பூசினர். பக்தியால் செய்த திருப்பணியே எனினும், பூச்சினடியில் பழைய முகங்கள் மறைந்தன.

இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் டாக்டர் சி. மீனாட்சி அம்மையார். 1905-ல் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்த இவர், 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். பல்லவர் ஆட்சி பற்றிய அவரது நூல் 1938-ல் வெளிவந்தது.

சிதைந்த சிலைக்குப் புதிய மூக்கும் கையும் அமைத்துவிடலாம்; அச்சிலை இன்னாருடையது என்று துணிவதன்றோ அரிது! அம்மையார் உளியேந்தவில்லை. சிற்பங்களோடு பொறித்த கல்வெட்டையும் செப்பேடுகளையும் ஒப்பிட்டார். தமையன்மார் மறுத்த முடியை 12 வயதுப் பல்லவமல்லன் ஏற்றுக் கச்சி வந்த வரலாற்றைச் சிற்ப வரிசையில் அடையாளங் காட்டினார்.

1940 மார்ச்சில், 34 வயதில், அவர் காலமானார். இவ்வாராய்ச்சியைத் தொல்பொருள் துறை 1941-ல்தான் நூலாக வெளியிட்டது. பின்னும் தேய்ந்த உருவங்கள் அந்நாளில் எவ்வாறிருந்தன என்பதை அந்நூலின் படங்களில் காணலாம்.