கல்லில் மின்சாரம் கண்ட கியூரி

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் வெங்கச்சங்கல் கிடைக்கிறது. வெள்ளை வெளேர் என்று இருக்கும். குவார்ட்ஸ் என்பது இதன் ஆங்கிலப் பெயர். மாலை கோக்கும் ஸ்படிகமும் இதே இனம்தான்.

ஸ்படிகத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. அதைத் தக்கபடி அறுத்து அழுத்தினால் மின்சாரம் உண்டாகும்!

இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு சகோதரர்கள். அவர்களில் இளையவர் பியரி கியூரி. ரேடியம் புகழ் கியூரி அம்மையாரின் கணவர்.

பள்ளிக்கூடம் போகாதவர்

பியரி 1859-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை டாக்டர். பியரி எதையும் நிதானமாக யோசிக்கும் பிள்ளை. அவருக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவராது என்று பெற்றோர் நினைத்தார்கள். வீட்டிலேயே பாடம் நடந்தது. 18 வயதில் பட்டம் பெற்றார். மேலே படிக்க வசதி இல்லை. சோதனைச்சாலையில் உதவியாளர் வேலையில் சேர்ந்தார்.

அண்ணனும் தம்பியும்

அண்ணன் ஜாக் கியூரியும் விஞ்ஞானி. இலங்கையில் டூர்மலின் என்ற கல் கிடைக்கிறது. அதைச் சூடாக்கினால் மின்சாரம் உண்டாகி, சாம்பலை இழுக்கும். இது முன்பே தெரிந்த விஷயம். சூட்டினால் வரும் மின்சாரம், அழுத்தினாலும் வராதா? சகோதரர்கள் இப்படி யோசித்தார்கள்.

1880-ல் டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், சர்க்கரைப் படிகம் முதலியவற்றை அழுத்திப் பார்த்தார்கள். மின்சாரம் வந்தது! படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கி இருக்கின்றன. அழுத்தும்போது அந்த வரிசை கொஞ்சம் நகர்கிறது. அதனால் ஒரு பக்கம் நேர்மின்சாரமும், மறுபக்கம் எதிர்மின்சாரமும் சேருகின்றன.

மறு ஆண்டு இன்னொன்றையும் நிரூபித்தார்கள். படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால், அது மயிரிழையிலும் குறைவாக நீளும், சுருங்கும்.

மனைவிக்கு உதவிய கல்

1895-ல் பியரி, போலந்து நாட்டுப் பெண் மேரியை மணந்தார். மேரி யுரேனியத்தின் கதிர்களை ஆராய்ந்தார். அவை உண்டாக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம். அதை அளப்பது எப்படி? சகோதரர்கள் செய்த குவார்ட்ஸ் கருவி கைகொடுத்தது. 1898-ல் பொலோனியமும் ரேடியமும் வெளிப்பட்டன. 1903-ல் கணவன், மனைவி, பெக்கரல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ரேடியம் எடுக்கும் முறைக்கு உரிமை பதிவு செய்திருந்தால் பணம் குவிந்திருக்கும். தம்பதிகள் பதிவு செய்யவில்லை. அரசாங்கப் பட்டத்தையும் பியரி ஏற்கவில்லை. அவர் விரும்பியது நல்ல சோதனைச்சாலை ஒன்றைத்தான்.

கோர முடிவு

1906 ஏப்ரல் 19-ந் தேதி. பாரீசில் மழை. தெருவைக் கடந்த பியரி, பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் சக்கரத்தில் சிக்கி அங்கேயே இறந்தார். வயது 46.

அவருக்குப் பின்

முதல் உலகப் போர் வந்தது. பியரியின் மாணவர் பால் லான்ஜெவின், குவார்ட்சை அதிரவைத்துக் கடலுக்குள் ஒலி அனுப்பினார். நீர்மூழ்கிக் கப்பலில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அதே கல் மின்சாரமாக்கியது.

இன்று கைக்கடிகாரத்தில் குவார்ட்ஸ் துண்டு வினாடிக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரம் காட்டுகிறது. அதே குணம் உள்ள செயற்கைப் பீங்கான், சமையலறை லைட்டரில் பொறி தருகிறது. தாயின் வயிற்றில் உள்ள சிசுவை ஸ்கேன் கருவியில் காட்டுவதும் அதுதான்.

இவற்றில் ஒன்றையும் பியரி பார்க்கவில்லை. லாபம் கருதி அவர் கல்லை அழுத்தவும் இல்லை. பலனை உலகம் அனுபவிக்கிறது.