தவிட்டில் விளைந்த மருந்து

மாட்டுத் தீவனத்துக்கு அப்பால் தவிட்டிற்கு ஒரு பயனுண்டென நம்மிற் பலர் எண்ணுவதில்லை. அத்தவிட்டினின்றே உலகோர்க்கு மருந்தொன்றை ஆக்கியளித்த ஜோகிச்சி தகமினே என்னும் ஜப்பானியப் பேரறிஞரின் சரிதத்தைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

தகமினே 1854-ஆம் ஆண்டில் தகாவோகா நகரிற் பிறந்தார். தந்தையார் வைத்தியர், தாயார் அரிசியினின்று மது ஆக்குங் குடியில் வந்தவர். டோக்கியோப் பொறியியற் கல்லூரியில் இரசாயனம் பயின்று 1879-இல் தேறிய இவர், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிலும் கல்வியைத் தொடர்ந்தார். 1887-இல் கரோலின் ஹிட்ச் என்னும் அமெரிக்க மாதரை மணந்து, 1890-இல் அந்நாட்டிற் குடியேறினார்.

மேனாட்டார் விஸ்கி செய்தற்கு வாற்கோதுமையை முளைகட்டுவர். முளைக்குங்கால் மிகும் டயாஸ்டேஸ் என்னும் நொதி, மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். ஜப்பானியரோ அவித்த அரிசியிற் கோஜிப் பூஞ்சணத்தை வளர்த்து அக்காரியத்தை முடிப்பர். தாய்வீட்டார் தொழிலிற் பழகிய அப்பூஞ்சணத்தை, விலைமிக்க அரிசியை விடுத்துக் கோதுமைத் தவிட்டில் வளர்க்கத் தகமினே துணிந்தார். இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் வேலை தொடங்கிற்று. முளைத்தானியத் தொழிலாளரோ தம் பிழைப்புக் கெடுமென்றஞ்சி எதிர்த்தனர். 1891-இல் ஆலை தீக்கிரையாயிற்று. ஈரல் நோயும் அவரை வாட்டிற்று. விஸ்கி முயற்சி நிலைபெறவில்லை.

உழைப்பெல்லாம் வீணாயிற்றென்று பிறர் ஓய்ந்திருப்பர். மாவைக் கரைக்கும் நொதி, உண்ட சோற்றையுஞ் செரிப்பிக்குமன்றோ எனத் தகமினே சிந்தித்தார். தவிட்டை நீராவியில் அவித்து, ஆறியபின் பூஞ்சண வித்துக்களைத் தூவி, ஈரமும் இளஞ்சூடும் பொருந்த வைப்பின், ஓரிரு நாளிற் பூஞ்சணம் படர்ந்து நொதியைச் சுரக்கும். அதனை நீரில் ஊறவைத்து வடித்து, அந்நீரில் மதுசாரத்தைச் சேர்க்க, நொதி பிரிந்து அடியிற் படியும். இம்முறைக்கு 1894-இல் அமெரிக்க அரசாங்கம் காப்புரிமை அளித்தது. பார்க்-டேவிஸ் கம்பெனியார் அந்நொதியை டாகா-டயாஸ்டேஸ் என்னும் பெயரால் அஜீரண மருந்தாக விற்றனர். மதுவின் பொருட்டுத் தொடங்கிய தொழில் மருந்தாய் முடிந்தது! பின்னர் அட்ரினலினைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்த புகழும் அவரைச் சார்ந்தது.

1922-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் நியூயார்க்கில் தகமினே காலமானார். அவர் காட்டிய வழி மறையவில்லை. கோதுமைத் தவிடும் அரிசித் தவிடும் பிண்ணாக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகி, உணவுத் தொழிலுக்கும் மருந்துக்கும் வேண்டிய நொதிகளை இன்றும் ஈந்து வருகின்றன.

முன்னோர் கைத்தொழிலை இகழாமலும், புதுக்கல்வியைக் கைவிடாமலும், இரண்டையும் இணைத்தமையே அன்னாரது வெற்றியின் வேர். கல்லூரியிற் பயிலும் நாமும் நம் இல்லத்து அடுக்களையையும் நம்மூர்க் களத்தையும் ஒருமுறை கூர்ந்து நோக்குவோமாக.