பரீட்சையில் தவறிய இராமானுஜன்



பரீட்சை முடிவு வெளிவரும் நாட்கள் நம் இல்லங்களில் சஞ்சலமான நாட்கள். நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்க, பெற்றோர் வெளி ஜில்லாக்களிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்திறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். மார்க்கே மனிதன் என்று எண்ணும் சீமையாகிவிட்டது நம்முடையது. இதே சீமையோடு உறவுள்ள ஒரு மகானின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்லப் புகுகிறோம். அவர் கணித மேதை என்பது உலகறிந்தது. அவர் மாணாக்கனாய் இருந்து பட்ட பாடு அவ்வளவாக அறியப்படவில்லை.

ஸ்ரீநிவாச இராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். நாமக்கல்லில் கோயில் கொண்ட நாமகிரித் தாயாரிடம் அக்குடும்பத்தார் மிகுந்த பக்தி உள்ளவர்கள். நம் ஊர்ப் பெயரிலும் ஒலிக்கிற பெயர் அது. தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். கலாசாலை மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டதிலும் சிறிது வந்தது.

சிறுவன் ஒரு கணக்குப் பரீட்சையில் 45-க்கு 42 வாங்கினான். தோழன் ஒருவனுக்கு அதைவிட ஒன்று கூட. அந்த ஒரு மார்க்குக்காக அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினானாம். கேட்டால் நாம் சிரிப்போம். பிள்ளைக்கு அது சிரிப்பல்ல.

1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அவனுக்குப் பரிசு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மார்க்குக்கும் மேலே பெறத் தகுந்தவன் இவன் என்று சபையறியப் புகழ்ந்தார். உபகாரச் சம்பளத்தோடு சர்க்கார் கலாசாலையில் சேர்ந்தான். ஆனால் மனம் கணக்கைத் தவிர வேறெதிலும் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினான். உபகாரச் சம்பளம் போயிற்று. தாயார் கலாசாலைத் தலைவரிடமே சென்று மன்றாடினார். விதி விதிதான் என்று பதில் வந்தது. விதிப்படி அவர் செய்ததில் குற்றமில்லை. ஆனால், நேற்றுவரை ஊரே புகழ்ந்த பையன் இன்று எந்த முகத்தோடு தெருவில் நடப்பான்?

1905 ஆகஸ்டில் பதினேழு வயதுப் பையன் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். காணாமற்போன மகனைக் குறித்து ஹிந்து பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பெற்றோரின் அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில் திரும்பக் கிடைத்தான். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கலாசாலை. அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற பேராசிரியர் அவனோடு சரிக்குச் சரியாய் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆயினும் 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வியே. காகிதம் வாங்கப் பணமில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தவனை, ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

அவரைத் தூக்கிவிட்டவர்கள் சிலரே. 1910-ல் திருக்கோவிலூர் டிப்டி கலெக்டர் வி. இராமசுவாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். அவரும் கணிதப் பிரியர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இத்தகையவனைத் தாலுகா ஆபீசில் புதைப்பதற்கு மனமின்றி, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-ல் துறைமுகக் கணக்கு ஆபீசில் 30 ரூபாய்ச் சம்பளம். 1913-ல் பட்டமில்லாத அவருக்கே சென்னைச் சர்வகலாசாலை 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கியது. இவர்களில் எவரும் அவரது ஆங்கில மார்க்கைக் கேட்கவில்லை.

1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே ஹார்டி துரை அவரை மகிமையோடு நடத்தினார். ஆனால் யுத்த காலம், மரக்கறி உணவு கிடைப்பது அரிது, குளிர், தனிச் சமையல், 1917 முதல் நோய். வீட்டில் மாமியார் மருமகள் மனஸ்தாபத்தால் மனைவி ஜானகியின் கடிதங்களும் அவர் கைக்கு வரவில்லை. தினமும் சந்தித்தும், என்னென்ன நூல்கள் படித்தீர் என்றுகூடக் கேட்காமற்போனதை எண்ணி ஹார்டி பிற்காலத்தில் வருந்தி எழுதினார். கணக்கு பேசவே நேரம் சரியாயிருந்ததாம். நம் வீடுகளிலும் பிள்ளையோடு தினமும் பேசுகிறோம். பெரும்பாலும் மார்க்கைப் பற்றி.

1918-ல் லண்டனில் இராமானுஜன் தம் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். சர்வேசுரன் கிருபையால் பிழைத்தார். அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் அது குற்றம். ஹார்டி ஓடிவந்து பேசி மீட்டார். நம் தேசத்தில் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்விதம் துணிந்தவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கொண்டு, தண்டிக்காமல் பராமரிக்கச் சொல்கிறது. ஆகையால் நம் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், தூக்கம் கெட்டால், இருந்து என்ன பயன் என்று ஒரு வார்த்தை சொன்னால், பாவம் என்று ஏசுவதும் கோழை என்று இகழ்வதும் மருந்தாகாது. பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் சர்க்காரின் மனநல உதவி இரவும் பகலும் இலவசமாய், தமிழிலேயே கிடைக்கிறது. தவறிய பாடத்தைத் துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம்.

அதே 1918-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. மனம் சற்றுத் தேறிற்று, மீண்டும் எழுதினார். 1919-ல் தாய்நாடு திரும்பி, நோய்ப் படுக்கையிலும் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் 32-வது வயதில் காலமானார்.

ஜானகி அம்மாள் 1994 வரை ஜீவித்திருந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்த அந்த அம்மாள், பெற்றோரை இழந்த ஒரு சிறுவனைத் தம் பிள்ளையாய் ஏற்று வளர்த்துப் படிக்க வைத்தார்.